கொவாலெக் நிற்காத படம்

1

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகள் தாரிணியின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் புடவை எடுத்துக்கொண்டிருந்தேன். அதே ஐந்து நாற்பதுக்கு, வேளச்சேரியில் நாலு பக்கமும் வலை கட்டிய ஒரு வாடகை மைதானத்தில், தாரிணியின் அப்பா செல்வம், கணுக்கால் உடைந்து கிடந்த என் மகனை எழுப்பி மறுபடியும் ஆட்டத்துக்குள் அனுப்பினான்.

அக்கா கணவரை 'அவன்' என்று எழுதுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'மாமா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இந்தக் குறிப்பில் அவன்தான். படிக்கிறவர்களில் எங்கள் உறவினர்களும் உண்டு. தெரிந்தே எழுதுகிறேன்.

நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியக் காரணம் இருக்கிறது. அந்த நிமிடத்தில்தான் அரக்குக் கரை போட்ட மயில்கழுத்து நிறப் புடவையைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். செல்வத்தின் பயிற்சிக்கூடம் அன்று ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டியது. அதன் மூலையில் ஓடும் கடிகாரத்தில், என் மகன் ஒற்றைக் காலில் நொண்டி உள்ளே போகும்போது, அதே நேரம்.

மயிலாப்பூரிலிருந்து வரும் இந்த இதழில் நான் வழக்கமாக எழுதுவது ஜெர்மனியில் என் வாழ்க்கையைப் பற்றி. ரூர் ஆற்றுப் பக்கம், நிலக்கரிச் சுரங்கங்களை மூடிவிட்ட ஒரு சிறு நகரம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பனியைப் பற்றியும் வரி அலுவலகத்தைப் பற்றியும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இதை மந்தைவெளியில், மாத வாடகைக்கு எடுத்த வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாகிவிட்டது. பக்கத்து அறையில் கவின் காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துப் படுத்திருக்கிறான்.

கவினுக்குப் பதினாறு வயது. அங்கேயே பிறந்தவன். அவன் அம்மா இறந்து நான்கு வருடம். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு என்றால் பெரும்பாலும் பந்துதான். வீட்டுப்பாடம், சாப்பாடு, நண்பர்கள் எதைக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் வரும். பந்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் முழு வாக்கியம். செப்டம்பரில் ஒரு பெரிய கிளப்பின் இளைஞர் அணிக்கு அவனுக்குத் தேர்வு ஆட்டம் இருந்தது.

நாங்கள் கல்யாணத்துக்கு வருகிறோம் என்று தெரிந்ததும் செல்வம், ஏழு பேர் ஆடும் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டான். விமானத்திலிருந்து இறங்கிய மறுநாள் போய்ப் பார்த்தால் மைதான வாசலில் ஃப்ளெக்ஸ். 'ஜெர்மனி புகழ் கவின்'. அவனுக்குப் பின்னால் அவன் ஒருநாளும் ஆடாத பிரம்மாண்டமான ஸ்டேடியம். பக்கத்தில் கும்பிட்டபடி செல்வம், கவினைப் போல இரண்டு மடங்கு பெரிதாக.

"இன்னா மச்சான், பையன் ஷோக்கா கீறான்ல?" என்றான்.

"எதுக்கு மாமா இதெல்லாம்? அவன் ஊர்ப் பையன்களோட சும்மா ஆடட்டும்."

"சும்மா ஆடுனா எவன் வருவான்? தரமணியிலேர்ந்து கம்பெனிக்காரங்க ஸ்பான்சர் பேச வராங்க. ஃபாரின் பிளேயர்னா ஒரு கெத்து கீதுல்ல?"

அந்த ஞாயிறு நடந்ததைக் கவின் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னான். மற்றதை நேரலைப் பதிவில் பார்த்தேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் ஒருவன் குறுக்கே விழுந்தான். கவின் கீழே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டான். கோட்டுக்கு வெளியே தூக்கி வந்தார்கள். "மாமா, ஊன முடியல. வலிக்குது" என்று தமிழில்தான் சொல்லியிருக்கிறான். வலி ஏறிய பிறகு ஜெர்மன் வந்துவிட்டது. செல்வம் குளிர் ஸ்ப்ரே அடித்தான். கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினான். தரமணிக்காரர் அப்போதுதான் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காபியை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஓட வாணாம்டா கண்ணு. ஓரமா நில்லு. நீ நின்னாலே போதும்" என்றான் செல்வம்.

பெஞ்சில் நாலு மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஷூ கயிறு கட்டி, தயாராக. பதிவில் தெளிவாகத் தெரிகிறார்கள்.

கவின் ஓரமாக நின்றான். கால் மணி நேரம் போல. பிறகு பந்து அவன் பக்கம் வந்தது. பந்து பக்கத்தில் வந்தால் பதினாறு வயதுப் பையன் என்ன செய்வான்? விரிசலாக இருந்தது முறிந்தது. தசைநார் கிழிந்தது. இப்போது உள்ளே தகடும் திருகும் இருக்கின்றன.

2

அடையாறில் கவினைச் சேர்த்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தவர் ஏவால்ட் கொவாலெக். ஜெர்மனியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருந்தவர். ஐம்பதுகளில் அந்த வட்டாரத்தில் பெயர் சொன்னால் தெரிகிற ஆட்டக்காரர். இப்போது அவர் பெயர் சொன்னால் அங்கேயே யாருக்கும் தெரியாது. மயிலாப்பூரில் நாலு பேருக்காவது தெரியட்டும்.

அவர் பிறந்தது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் பூமிக்கடியில் வேலை. குண்டுவீச்சு தொடங்கியபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளை எல்லாம் ரயிலேற்றி எங்கோ தெற்கே பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார்கள். இவர் திரும்பி வந்தபோது தெரு இருந்தது, வீடு இல்லை. அண்ணன்களில் ஒருவர் திரும்பவே இல்லை.

போர் முடிந்த வருடங்களில் அந்த ஊர் கிளப்புகள் கிராமம் கிராமமாகப் போய் ஆடுமாம். சம்பளம் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, கொஞ்சம் பன்றிக்கொழுப்பு. தோற்றால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள், ரொம்ப ஜெயித்தாலும் கூப்பிட மாட்டார்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயிப்பதுதான் அதில் தந்திரம் என்பார். அம்மா சமைக்க என்ன கிடைக்கும் என்பது தன் இடது காலைப் பொறுத்திருந்தது என்று சொல்லும்போது, அந்தக் காலைக் கையால் தட்டிக்கொடுப்பார்.

பதினெட்டு வயதில் கிளப் அவரை ஒப்பந்த ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பந்தாடி மட்டும் யாரும் பிழைக்கவில்லை. சுரங்கத்தில் வேலை இருக்கும். கிளப்புக்கு வேண்டியவர் என்பதால் கீழே இறக்காமல் மேலே விளக்கு அறையில் வைத்தார்கள். காலையில் சுரங்கத்தில் இறங்குபவர்களுக்கு ஆயிரம் விளக்குகளை எடுத்துக் கொடுப்பார், மாலையில் பயிற்சி. மைதானத்தில் புல் கிடையாது, கரிச்சாம்பல். விழுந்தால் தோலுக்குள் கரி ஏறிவிடும். எண்பது வயதிலும் அவர் முழங்கால்களில் பச்சை குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. கவின் சிறுவனாக இருந்தபோது அதைத் தொட்டுப் பார்ப்பான்.

இடது ஹாஃப். பின்னால் நின்று பந்தைப் பிடுங்கி முன்னால் கொடுக்கிற ஆள். கோல் போட்டவர்களைத்தான் ஊர் தூக்கிக்கொண்டு ஆடும். ஆனால் எதிரணிக்காரர்களுக்கு யாரைக் கண்டு பயம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த அணி ஒரு வருடம் வட்டார லீக்கை வென்றது. அடுத்த வருடம், தேசிய அணிக்கான பயிற்சி முகாமுக்கு அவருக்கு அழைப்பு வந்தது. ஜெர்மனி முதன்முதலாக உலகக் கோப்பையை வென்ற அந்தக் கோடைக்கு முந்தின வசந்தகாலம் அது.

3

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண், "பேஷண்ட் ஃபாரினரா, லோக்கலா சார்?" என்று கேட்டாள்.

"என் பையன்."

"அது தெரியுது சார். ஃபாரினரா, லோக்கலா?"

வெளிநாட்டு இந்தியருக்கான அட்டையைக் கொடுத்தேன். அதில் கவின் இரண்டு வயதுக் குழந்தை, திருஷ்டிப் பொட்டோடு. அவள் அட்டையைப் பார்த்தாள், ஸ்ட்ரெச்சரில் கிடந்த மீசை முளைத்த பையனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அங்கே இசை மட்டும் பதில் சொன்னது. என் பெயர் சுந்தர், அவன் பெயர் கவின் சுந்தர், என் அப்பா பெயர்தான் என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று அவளிடம் விளக்கி முடிக்கும்போது, நான் ஜெர்மனில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அவள் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் டியூட்டி டாக்டர் வந்து, "மாடிப்படி ரொம்ப உயரமா சார்?" என்று கேட்டார்.

"எந்த மாடிப்படி?"

"பையன் படியில தவறிட்டான்னு கூட்டிட்டு வந்தவர் சொன்னாரே."

திரும்பிப் பார்த்தேன். செல்வம் தூணுக்குப் பின்னால் ஃபோனில் யாரிடமோ, "ஸ்பான்சர் ஓகேதான் தம்பி, நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கால் உடைந்ததற்கு நான் ஒருவேளை அழுதுவிட்டுப் போயிருப்பேன். மாடிப்படி என்ற அந்த ஒரு சொல்தான் எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். ஃபோனில் பதிவைக்கூடப் பார்த்தார். "பாவம் சார் பையன்" என்றார். பிறகு, "இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"அக்கா வீட்டுக்காரர்."

"அப்ப நீங்க வந்திருக்கிற கல்யாணம்?"

"அவர் பொண்ணுக்கு."

அவர் பேனாவை மூடினார். "கல்யாணம் முடிச்சிட்டு வாங்க சார். வந்தா கண்டிப்பா எழுதிக்கிறேன். ஆனா நீங்க வர மாட்டீங்க. இதே மாதிரி நிறையப் பேரைப் பாத்துட்டேன்."

4

கொவாலெக்குக்கு நடந்தது இது. முகாமுக்குப் போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மழை. தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகியிருந்தது. முந்தின வருடம் வென்ற கிளப் இந்த வருடம் லீக்கில் கடைசி வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு புள்ளி கிடைத்தால் தப்பிக்கலாம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் இவர் கால் எலும்பில் இறங்கியது.

அந்தக் காலத்தில் மாற்று ஆள் கிடையாது. இதைக் கவினின் வயதுப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பதினோரு பேர் இறங்கினால் அதே பதினோரு பேர்தான். ஒருவருக்கு அடிபட்டால் பத்துப் பேரோடு ஆட வேண்டும், அல்லது அடிபட்டவரை ஓரத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்துவார்கள். சும்மா நிற்கிறான் என்று தெரிந்தாலும் எதிரணியில் ஒருவன் அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். உடைந்த காலோடு நிற்பவனும் எண்ணிக்கைக்கு ஒரு ஆள்.

பயிற்சியாளர் கோட்டருகே வந்து குனிந்து, "இடது ஓரத்தில் போய் நில், ஏவால்ட். பதினொன்றாக இரு. அது போதும்" என்றாராம்.

நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல். சாம்பல் தரையில் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு. கிளப்புக்கு அந்த ஒரு புள்ளி கிடைத்தது. அவர் கால் கோணலாகச் சேர்ந்தது. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை மதுக்கடை ஒன்றில், காலை ஸ்டூலில் நீட்டி, தொலைக்காட்சியில் பார்த்தார். எல்லோரும் எழுந்து குதித்தபோது இவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். மறுபடி ஆடவே இல்லை. இருபத்து மூன்று வயது.

கிளப் பரிதாபப்பட்டு மைதானத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை எடுத்துக் கொடுத்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடை மாதிரியேதான். செய்தித்தாள், சிகரெட், பியர், கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய். நாற்பது வருடம் அதில் நின்றார்.

அந்தப் பயிற்சியாளர் பெரிய கிளப்புக்குப் போய்ப் பெயரெடுத்தார். கூட்டங்களில் பேசும்போதெல்லாம் கொவாலெக் நின்ற கதையைச் சொல்வாராம். மன உறுதிக்கு உதாரணமாக. தான் நிற்கச் சொன்னதைச் சொல்ல மாட்டார். "அவனே நின்றான்" என்பார்.

கிளப், பத்து வருடத்துக்கு ஒருமுறை அந்த வெற்றி அணியைக் கூப்பிட்டு விழா நடத்தும். பயிற்சியாளரும் வருவார். பழைய ஆட்டக்காரர்கள் கோட்டு சூட்டில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். முதல் விழாவுக்கு கொவாலெக்கைக் கூப்பிட ஆள் வந்தது. போகவில்லை. இரண்டாவது முறை பயிற்சியாளர் தன் காரையே அனுப்பினார். ஐம்பது அடிதான், தெருவைக் கடந்தால் போதும். போகவில்லை. விழாவுக்காகத் தெரு முழுக்கக் கடைகளை மூடியபோதும் இவர் கடையைத் திறந்து வைத்திருந்தார். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. பத்துப் பேர். அந்தச் செய்தித்தாளை அவரே நாள் முழுக்க விற்றார்.

"பதினொன்றாக இருக்க நான் வேண்டியிருந்தது அவருக்கு," என்றார் என்னிடம். "சரி, இப்போது எண்ணட்டும்."

வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். வருத்தப்பட்டிருப்பார் என்று நினைத்து, கொஞ்சம் மெதுவான குரலில் கேட்டேன். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"ஒவ்வொரு தடவையும் நன்றாக இருந்தது, சுந்தர். அன்றைக்கெல்லாம் ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்."

5

எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு நெற்றிப்பட்டம் கட்டுவது தாய்மாமன். அவன் பட்டம் கட்டி, மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வராமல் பெண் மணவறை ஏறுவதில்லை. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. எங்கள் அம்மாவும் அப்பாவும் தனிப்பிள்ளைகள். ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது என்றுகூட ஓர் ஆண்பிள்ளை கிடையாது. செல்வம் தன் மைதானத்தில் பெஞ்சு நிறைய மாற்று ஆள் வைத்திருந்தான். அவன் மகள் கல்யாணத்தில் எனக்கு மாற்று இல்லை.

இது எனக்கு உறைத்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று மறைக்கப் போவதில்லை. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் அவன் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்தான்.

"கால்தான மச்சான். சின்னப் பையன், ஒட்டிக்கும். நம்ம காலத்துல எத்தினி தபா விழுந்திருப்போம்?"

"படியில விழுந்திருப்போம்" என்றேன்.

அவன் சாத்துக்குடிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "அது... அந்த நேரத்துல போலீஸ் கேஸ் அது இதுன்னு போயிடுமேன்னு..."

"மாமா, ஒரே ஒரு விஷயம். கல்யாணத்துக்கு முந்தின நாள் ரிசப்ஷன்ல, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி, 'கால் உடைஞ்ச பையனை நான்தான் கிரவுண்டுல நிக்கச் சொன்னேன்'னு சொல்லணும். சொன்னா நான் வந்து பட்டம் கட்டுறேன். இல்லன்னா வரமாட்டேன்."

"இன்னாது? சம்பந்தி முன்னாடியா?" அவன் குரல் ஏறியது. "நான் இன்னா கொலையா பண்ணேன்? பெத்த பொண்ணு கல்யாணத்துல நான் தலை குனிஞ்சு நிக்கணுமா?"

"ஓரமா நின்னா போதும்" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. தூதுகள் வந்தன. முதலில் அக்கா ஃபோனில். "அவர் பண்ணது தப்புதான்டா. தாரிணி என்னடா பண்ணா?" என்று அழுதாள். ஃபோனை வைத்துவிட்டேன். பிறகு செல்வத்தின் அண்ணன் தங்கராஜ். மயிலாப்பூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். நேரில் வந்து ஹாலில் உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க வெளிநாட்டுல கீறவரு. படிச்சவரு. பெரிய மனசு பண்ணணும்."

"பெரிய மனசு உங்க தம்பி பண்ணட்டும்ண்ணே. ரெண்டு வரி சொன்னா போதும்."

"அவன் சின்ன வயசுலேர்ந்தே சாரி சொல்ல மாட்டான் தம்பி. எங்கப்பா பெல்டால அடிச்சும் வரல."

"அப்ப பட்டமும் வராது."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஜெர்மனியில இதெல்லாமா சொல்லித் தராங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது உள்ளறைக் கதவு மூடியிருக்கும். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது கவின் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினான். "பப்பா, நீ அந்த வீடியோவை இன்னும் பாக்கிறியா?" என்றான்.

"இல்லையே."

"சத்தம் கேக்குது." பிறகு ஜெர்மனில், விட்டுவிடேன் என்றான். விட முடியாது என்று நானும் ஜெர்மனிலேயே சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைக்க அவனுக்கு இன்னும் சரியாக வரவில்லை. அது சரிந்து விழுந்தது. நான் எடுத்து நிறுத்தினேன். செப்டம்பர் என்ற சொல்லை நாங்கள் இருவருமே சொல்வதில்லை.

6

வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஒரு பழைய மதியம் நினைவுக்கு வந்து அதைக் கெடுத்தது.

கவினுக்கு ஏழு வயதானபோது கொவாலெக் ஆடிய அதே கிளப்பில் சேர்க்கப் போயிருந்தேன். அவன் அம்மா அப்போது இருந்தாள், கையுறையைக் காரில் தேடிக்கொண்டிருந்தாள். கிளப் உணவகச் சுவரில் அந்த விழாப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. முதலில் பத்துப் பேர், பிறகு எட்டு, கடைசிப் படத்தில் ஊன்றுகோல்களோடு மூன்று பேர். காபி கொடுத்த பெண்ணிடம் முதல் படத்தைக் காட்டி, "ஏன் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அவளிடமிருந்து அந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்று ஆசை.

அவள் எட்டிப் பார்த்து எண்ணினாள். "பதினோராவது ஆள் கேமரா பிடித்திருப்பார்" என்றாள்.

அன்று மாலை கொவாலெக்கிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அந்தப் பயிற்சியாளர் இறந்து அதற்குள் பல வருடம் ஆகியிருந்தது.

"யாரும் கேட்கவில்லையா?" என்றார்.

"நான் கேட்டேன்."

"நீ இந்தியன்." பிறகு, "ஒரே ஒரு தடவை போயிருக்க வேண்டும். சமாதானத்துக்கு இல்லை. போய், மேடையில் ஏறி, அந்த ஆள் பக்கத்தில் நின்று, யார் நிற்கச் சொன்னது என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும்" என்றார்.

எண்பத்தெட்டு வயதில் இறந்தார். கல்லறைக்கு கிளப்பிலிருந்து மாலை வந்தது. மாலையின் துணிப்பட்டையில் அவர் பெயரைத் தவறாக எழுதியிருந்தார்கள். அவர் மகள் அதைக் கழற்றி மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ரிசப்ஷன் நடந்த மாலையில் நான் வடபழனி மண்டபத்துக்குப் போகவில்லை. எட்டு மணிக்குத் தங்கராஜ் ஃபோன் செய்தார். பின்னால் மெல்லிசைக் கச்சேரி சத்தம். கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

"தம்பி, கோச்சுக்காதீங்க. எல்லாரும் தாய்மாமன் எங்கன்னு கேக்கிறாங்க. பையனுக்கு டெங்குன்னு சொல்லி வச்சிருக்கோம். யாராச்சும் ஃபோன் பண்ணா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க, இன்னா?"

முதலில் மாடிப்படி. இப்போது டெங்கு. இன்னும் பத்து வருடத்தில் என் மகனின் கால் இந்தக் குடும்பத்தில் என்னவாகியிருக்கும் என்று யோசித்தேன். கல்யாண ஆல்பத்தில் நான் இருக்க மாட்டேன், காய்ச்சலில் படுத்திருந்த பையனைப் பார்த்துக்கொண்டிருந்தான் பாவம் என்பார்கள்.

முடிவு செய்தேன். காலையில் போவேன். பட்டம் கட்ட அல்ல. முகூர்த்தத்துக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகு மணவறை முன்னால் நின்று, பதிவை உயர்த்திப் பிடித்து, சம்பந்தி வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன். அதன்பிறகு கல்யாணம் நடக்கிறதா நிற்கிறதா என்பது அவன் பாடு. தாரிணியின் முகம் குறுக்கே வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு மாட வீதியில் தேர் பார்க்கப் போயிருக்கிறேன். பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

7

விடிவதற்குள் குளித்துப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டேன். முழு சார்ஜில் இருந்த ஃபோனைச் சட்டைப் பையில் வைத்தேன். கவினின் அறையை எட்டிப் பார்த்தேன். அசையாமல் படுத்திருந்தான். அவன் தண்ணீர் பாட்டிலை நிரப்பிப் பக்கத்தில் வைத்தேன். வாடகை வண்டி வர ஐந்து நிமிடம் என்று ஃபோன் காட்டியது.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால் தாரிணி. தலைமுழுகிய ஈரக் கூந்தலைத் துண்டால் முடிந்திருந்தாள். கையில் முழங்கை வரைக்கும் மருதாணி. கழுத்தில் ரிசப்ஷன் நகை இன்னும் இருந்தது, உடம்பில் பழைய காட்டன் சுடிதார். நாலு மாடி ஏறி மூச்சு வாங்கினாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை போல.

என் வேட்டியைப் பார்த்தாள். சட்டைப் பையில் ஃபோன் நீட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள்.

"மண்டபத்துக்குத்தானே கிளம்பிட்டீங்க? எதுக்குன்னு எனக்குத் தெரியும். பெரியப்பா நேத்து உங்க குரலைக் கேட்டே பயந்துட்டார்" என்றாள். "மாமா, நீங்க சொல்ல வேண்டியதை நான் சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"நேத்து ஸ்டேஜ்ல. என் மாமியார் வந்து, 'டெங்கு எப்படி இருக்கு, பிளேட்லெட் எவ்ளோ'ன்னு கேட்டாங்க. டெங்கு இல்ல அத்தை, அப்பா நடத்துன மேட்ச்ல அவனுக்குக் கால் உடைஞ்சுது, உடைஞ்ச காலோட அப்பாதான் அவனை மறுபடி உள்ள அனுப்புனாரு, அதான் மாமா வரலைன்னேன். அப்பா பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாரு. மாமனார், அவங்க சித்தப்பா, எல்லாரும்."

அந்த வார்த்தைகளை இரண்டு வாரமாக வாய்க்குள் வைத்திருந்தேன். அவை என் வாயிலிருந்து போய்விட்டன.

"உங்கப்பா?"

"ஒரு வார்த்தை பேசல. இல்லைன்னும் சொல்லல. போட்டோ முடியற வரைக்கும் அப்படியே நின்னாரு. சாப்பிடல. இப்ப விடியறதுக்கு முன்னாடி ரூம் கதவைத் தட்டி, 'மந்தைவெளி போயிட்டு வந்துடலாமா, வண்டி எடுக்கட்டுமா'ன்னு கேட்டாரு."

"எங்க அவன்?"

அவள் அந்த 'அவனை'க் கேட்டாள். முகம் மாறவில்லை.

"கீழ கேட்டாண்ட நிக்கிறாரு. மேல வரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

நான் வாயைத் திறந்தேன். தாரிணி மருதாணிக் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"உங்களைக் கேக்கச் சொல்லல மாமா" என்றாள். என்னைத் தாண்டி உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "கவின் முழிச்சிருக்கானா?"